எண்ணிக்கையின் கதை – 9: மூன்று லட்சமும் முப்பதும்

போன வாரம் யூஜின் கார்ஃபீல்டைப் பார்த்தோம். பிலடெல்பியாவில் உட்கார்ந்தபடி, எந்த ஆய்வுக்கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறது என்று உலகத்துக்கே பேரேடு எழுதிய மனிதர். அந்தப் பேரேட்டின் உச்சியில் இருக்கும் ஒருவரையும், அடியில் வெகுநாள் கிடந்த ஒருவரையும் இந்த வாரம் பார்க்கலாம். இருவருமே மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர்கள்.

உச்சியில் இருப்பவர் ஆலிவர் லௌரி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவராக இருந்தவர். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை 1951-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். ரசாயனத்தைச் சேர்த்தால் கரைசல் நீலமாகும்; நீலம் அடர்ந்தால் புரதம் அதிகம். விஷயம் அவ்வளவுதான். 2014-ல் ‘நேச்சர்’ இதழ் அதுவரை வந்த கட்டுரைகளில் அதிக முறை மேற்கோள் காட்டப்பட்ட 100 எவை என்று கணக்கெடுத்தபோது, இதற்குக் கிடைத்தது 3,05,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள், முதலிடம். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரைக்கு நூறில் ஓர் இடம்கூட இல்லை.

காரணம் எளிது. உயிர்வேதியியல் சோதனைச்சாலையில் யார் எதைச் செய்தாலும் முதலில் புரதத்தை அளந்தாக வேண்டும். அளந்தால், எந்த முறையில் அளந்தோம் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அந்த ஒரு வரிதான் மூன்று லட்சம் தடவை எழுதப்பட்டது. லௌரி நேர்மையான ஆள். தான் எழுதியவற்றில் இது பெரிய கட்டுரை இல்லை என்பது தனக்கே தெரியும், ஆனாலும் இவ்வளவு பேர் பயன்படுத்துவதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்று 1977-ல் எழுதினார். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரைக்கும், மேதையாக இல்லாமலே ஆராய்ச்சியில் ஜெயிப்பது எப்படி என்றுதான் தலைப்பு வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த முறையை எழுதி வெளியிடும்படி லௌரியை வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஏர்ல் சதர்லண்ட். அவர் லௌரியின் முறையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். தன் கட்டுரையில் மேற்கோள் காட்ட அச்சில் ஒன்று வேண்டியிருந்தது. ஆக, உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, மேற்கோள் காட்டுவதற்காகவே எழுதப்பட்டது! சதர்லண்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் கல்கத்தாவில் தேவைப்படும்.

இரண்டாமவர் சம்புநாத் தே. 1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற ஊரில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் 1949-ல் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர். அவர் எடுத்துக்கொண்ட நோய் காலரா.

காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-லேயே அடையாளம் காட்டிவிட்டார். அதையும் கல்கத்தாவுக்கே வந்து உறுதிப்படுத்தினார். கிருமி குடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, ஆனால் ஆள் சில மணி நேரத்தில் வற்றிச் செத்துப்போகிறார் என்றால், அது ஏதோ நஞ்சை விடுகிறது என்பது காக்கின் ஊகம். அந்த நஞ்சை யாராலும் காட்ட முடியவில்லை. எலிக்கும் முயலுக்கும் கிருமியை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், வயிற்றறைக்குள் செலுத்தினார்கள், வாய்வழியே கொடுத்தார்கள். மனிதனுக்கு வரும் காலரா எதற்கும் வரவில்லை. இப்படியே எழுபது ஆண்டு ஓடியது.

சம்புநாத் கேட்ட கேள்வி இன்று சாதாரணமாகத் தோன்றும். நோய் நடக்கும் இடம் குடலின் உட்பக்கம்தானே, பிறகு ஏன் மற்ற இடமெல்லாம் குத்துகிறோம்? முயலை மயக்கி வயிற்றைத் திறந்தார். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டாமல், இரண்டு முனையிலும் நூலால் கட்டினார். கட்டிய பகுதிக்குள் கிருமியை ஊசியால் செலுத்தி, குடலை உள்ளே வைத்துத் தைத்தார். மறுநாள் திறந்தால், அந்தத் துண்டு மட்டும் உப்பி, அரிசி கழுநீர் போன்ற திரவம் நிறைந்து கிடந்தது. காலரா நோயாளியின் படுக்கைக்கு அடியில் காணும் அதே திரவம். நூல், ஊசி, முயல். கல்கத்தாவில் அன்று கிடைத்ததை வைத்தே செய்த சோதனை. 1953-ல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து இதை வெளியிட்டார்.

அடுத்து, கிருமியையே விலக்கினார். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரைக் குடல் கட்டுக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமி வெளியே விடும் நஞ்சுதான் காரணம் என்பது நிரூபணமாயிற்று. 1959 மே 30 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரைக்கு நீளம் இரண்டே பக்கம், ஆசிரியர் ஒரே ஒருவர். அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவின் குழுவும் முயல்குட்டிகளை வைத்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. காலராவில் குடல் சிதைவதில்லை, நஞ்சு அதைத் தண்ணீரும் உப்பும் இறைக்க வைக்கிறது என்று புரிந்த பிறகுதான், இழந்த நீரை வாய்வழியே திருப்பிக் கொடுக்கலாம் என்ற உப்பு–சர்க்கரைக் கரைசலுக்கு விளக்கம் கிடைத்தது. 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மகலநோபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்து, 30 சதவீத அளவில் இருந்த சாவுகளை 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார்.

இத்தனை பெரிய விஷயத்துக்கு வந்த மேற்கோள்கள்? முதல் பத்தாண்டில் அந்தக் கட்டுரையை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. புறக்கணிப்பு, வெள்ளைக்காரர்களின் பாரபட்சம் என்று சட்டென்று முடிவு கட்டிவிடலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும். என் பார்வையில் பெரிய காரணம் வேறு. 1959-ல் காலரா பெரும்பாலும் இந்தத் துணைக்கண்டத்தின் நோய். பணக்கார நாடுகளில் அதை ஆராய ஆளில்லை. ஆளில்லாத துறையில் மேற்கோள் காட்டவும் ஆளில்லை. 1961-ல் இந்தோனேசியாவில் கிளம்பிய ஏழாவது காலராக் கொள்ளைநோய் நாடு நாடாகப் பரவியது. டாக்காவில் ஆய்வகம் வந்தது, அமெரிக்கப் பணம் வந்தது. 1969-ல் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டைன் நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தார். அது குடல் செல்லுக்குள் ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ என்ற பொருளை ஏற்றிவிடுகிறது என்பதும் தெரியவந்தது. சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டுபிடித்ததற்காக 1971-ல் நோபல் பரிசு வாங்கியவர், லௌரியை நச்சரித்த அதே சதர்லண்ட். அதன்பிறகு காலரா நஞ்சு செல் ஆய்வாளர்களுக்கும் நரம்பு ஆய்வாளர்களுக்கும் அன்றாடக் கருவியாகிவிட்டது. பாட்டிலில் விற்கிறார்கள். வாங்கிப் பயன்படுத்துகிறவர், அதை முதலில் நிரூபித்தவர் யார் என்று எழுதுவதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட கண்டுபிடிப்புக்கு மேற்கோள் நின்றுவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைத்தான் சொன்னார்.

சம்புநாத்தைவிடப் பரிதாபமான கதையும் இதில் ஒளிந்திருக்கிறது. குடலைக் கட்டும் இதே சோதனையை வியோல், கிரெண்டிரோபுலோ என்ற இருவர் 1915-லேயே செய்து பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. சம்புநாத்தும் தனியாகத்தான் மறுபடி கண்டுபிடித்தார்.

இப்போது இன்றைய அளவுகோலை அவர்மேல் வைத்துப் பாருங்கள். வாழ்நாளில் அவர் எழுதியவை முப்பது சொச்சம் கட்டுரைகள், காலரா பற்றி ஒரு புத்தகம். எச்–இண்டெக்ஸ் என்பது, ஒருவரின் எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்ற கணக்கு. முப்பது கட்டுரை எழுதியவருக்கு, உலகமே கொண்டாடினாலும் அது முப்பதைத் தாண்டாது. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களின் சராசரி. பத்தாண்டு கழித்துக் கண் விழிக்கும் கட்டுரை அந்த ஜன்னலில் தெரியவே தெரியாது. இன்றைய பதவி உயர்வுக் குழு எதிரில் அவர் உட்கார்ந்திருந்தால், “இன்னும் கொஞ்சம் பப்ளிகேஷன் சேர்த்துக்கொண்டு வாங்க, டாக்டர்” என்று அனுப்பியிருப்பார்கள்.

அன்றைய குழுக்களும் மெச்சும்படி இல்லை. இந்தியாவின் எந்த அறிவியல் அகாடமியும் அவரை உறுப்பினராக்கவில்லை. பெரிய விருது எதுவும் தேடி வரவில்லை. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், சம்புநாத்தின் பெயரை நோபலுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்திருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை. 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்டாக்ஹோமில் அவரை அழைத்தார்கள். 1960-களின் தொடக்கத்திலேயே தான் செத்துவிட்டதாகவும், இவர்கள்தான் தோண்டி எடுத்திருப்பதாகவும் அங்கே அவர் சொன்னார். எண்ணிக்கை இயந்திரங்கள் இன்றைய அளவுக்கு இல்லாத காலத்தில், ஆளைத் தெரிந்த மனிதர்களே செய்த ஓரவஞ்சனை இது. ‘எண்களை ஒழித்துவிட்டுப் பெரியவர்களின் மதிப்பீட்டை நம்புவோம்’ என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அவரைப் பேரேட்டிலிருந்து மீட்டதும் அதே எண்ணிக்கைக்காரர்தான். காலரா ஆராய்ச்சி முழுவதையும் மேற்கோள் இழைகளால் பின்னிப் பார்த்த கார்ஃபீல்டு, எந்த இழையைப் பிடித்துப் பின்னால் போனாலும் அது கல்கத்தாவில் ஒரே ஆளிடம் போய் நிற்பதைக் காட்டி, சம்புநாத்தைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். எத்தனை மேற்கோள் என்று கூட்டிப் பார்த்திருந்தால் அவர் தட்டுப்பட்டிருக்க மாட்டார். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பார்த்ததால் தட்டுப்பட்டார். அந்தக் கட்டுரை வந்தது 1986 ஏப்ரலில். சம்புநாத் 1985 ஏப்ரல் 15 அன்று காலமாகியிருந்தார். பெங்களூரின் ‘கரண்ட் சயின்ஸ்’ 1990-ல் அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது.

ஆண்டுதோறும் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியல் வந்ததும் நம் ஊர்க் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் போர்டு முளைக்கிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸ் குழு, ‘ஸ்கோபஸ்’ தரவுகளிலிருந்து கணினியில் கூட்டித் தருவது அது. பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது அன்று. அந்தப் பட்டியலில் இருக்கும் பேராசிரியர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் தாராளமாக வாழ்த்துங்கள். கூடவே, “சார், உங்க கட்டுரைகள்ல நான் படிக்கவேண்டிய ஒண்ணு எது?” என்று கேளுங்கள். சொன்னால், வாங்கிப் படியுங்கள்.

(அடுத்த வாரம்: எச்–இண்டெக்ஸை உருவாக்கிய ஜார்ஜ் ஹிர்ஷே அதைப் பற்றிக் கவலைப்பட்ட கதை.)