கரிசல் களிமண்ணும் இரும்புத்தாது உருண்டைகளின் வலிமையும்

முன்னுரை

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரங்களில் கரிசல் நிலம் பரந்துள்ளது. மழையில் உப்பிப் பிசுபிசுக்கும் அம்மண், கோடையில் வெடித்துக் கல்லென இறுகும். இவ்வியல்பிற்குக் காரணமான மாண்ட்மோரிலோனைட் வகைக் கனிமமே, இரும்புத்தாது உருண்டைகளைப் பிணைக்கும் பெண்டோனைட் களிமண்ணின் முதன்மைக் கூறாகும். இப்பிணைப்பி உருண்டையின் வலிமையை எவ்வாறு கூட்டுகிறது, அதன் எல்லை யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உருண்டையாக்கத்தின் தேவை

தாதுத்தூளை அப்படியே ஊதுலையில் இட்டால் வாயுவின் போக்கு அடைபடும். ஆகவே தூளுடன் ஏறத்தாழ 9 விழுக்காடு நீரும் 0.5 முதல் 1 விழுக்காடு வரை பெண்டோனைட்டும் கலந்து, சுழலும் தட்டில் சிறு உருண்டைகளாகத் திரட்டுவர். மங்களூரில் 1987இல் இயங்கத் தொடங்கிய குதிரேமுக் நிறுவனத்தின் ஆலை இம்முறைக்கு இந்தியச் சான்றாகும்.

பிணைப்பின் மூன்று நிலைகள்

சுடாத பானையைப் பச்சைப் பானை என்பதுபோல, சுடாத உருண்டையும் பச்சை உருண்டை எனத்தகும். முதல் நிலையில் துகள்களை இணைப்பது நீரின் நுண்புழை விசை. களிமண் மிகுநீரை ஈர்த்துக் கலவையைச் சீராக்குகிறது. இரண்டாம் நிலையில் உருண்டை உலர, நுண்புழை விசை மறைகிறது. அப்போது களிமண் ஏடுகள் துகள்கள் தொடுமிடங்களில் படிந்து பாலமாகின்றன. களிமண்ணின் பங்கு மிகுவது இங்கேதான்; உலர்ந்த உருண்டை குறைந்தது 22 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது பொது அளவுகோல். மூன்றாம் நிலையில், 1250 பாகை செல்சியசுக்கு மேல் சுடும்போது, இரும்பு ஆக்சைடு மணிகள் மறுபடிகமாகி ஒன்றோடொன்று இணைகின்றன. களிமண்ணின் சிலிக்கா உருகி இவ்விணைப்பிற்குத் துணைநிற்கிறது. சுட்ட உருண்டை ஏறத்தாழ 250 கிலோ சுமையைத் தாங்குவது முதன்மையாக இம்மணி இணைப்பாலேயாகும்.

வலிமையும் அதன் விலையும்

களிமண்ணைக் கூட்டக் கூட்ட நன்மை பெருகுவதில்லை. 1 விழுக்காடு பெண்டோனைட் சேர்க்கையால் உருண்டையின் இரும்பு அளவு ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைகிறது. சிலிக்கா மிகுவதால் கசடும், அதனை உருக்கும் எரிபொருட்செலவும் ஏறுகின்றன. கரிம்மப் பிணைப்பிகள் இக்கசடைத் தவிர்க்கும். எனினும் அவை எரிந்தபின், சூடேறும் இடைநிலையில் உருண்டை வலுவிழக்கக்கூடும்.

கரிசல் மண் பிணைப்பியாகுமா?

கனிமம் ஒன்றாயினும் மண் ஒன்றன்று. நீரில் மிகுதியாக உப்பி ஏடேடாகப் பிரியும் சோடிய வகையே பிணைப்பிற்கு ஏற்றது. கரிசலில் பொதுவாகக் கால்சியமே மேலோங்குகிறது. சுக்கான்கல்லும் மணலும் உடன்கலந்துள்ளன. கால்சிய வகைப் பெண்டோனைட்டைச் சோடா உப்பால் சோடிய வகையாக மாற்றலாம். மண்ணிலுள்ள மணலையும் சுண்ணாம்பையும் அவ்வாறு நீக்க இயலாது. உழவர்க்குரிய மேல்மண்ணை அகழ்வதும் தகாது.

முடிவுரை

களிமண், உலர்ந்த உருண்டை சூளையை அடையும்வரை அதனைக் காக்கிறது. சூளையில் அப்பொறுப்பை இரும்பு ஆக்சைடே ஏற்கிறது. எனவே உலர்நிலை வலிமைக்குப் போதுமான மிகக்குறைந்த அளவே பிணைப்பியின் உகந்த அளவாகும்.