உடற்சூட்டில் ஒரு சிக்கனம்

சுற்றுப்புறம் குளிர்ந்தாலும் கொதித்தாலும் தம் உடல் வெப்பநிலையை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்துக்கொள்பவை பறவைகளும் பாலூட்டிகளும் என்று பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. துருவப் பனியிலும் உயர்மலைகளிலும் அவை வாழ முடிவது பெரிதும் இந்த ஆற்றலால்தான். ஆயினும் அந்தச் சூட்டுக்கு உணவே எரிபொருள் என்பதாலும், உடல் சிறுக்கச் சிறுக்க எடையை நோக்க வெப்பம் வெளியேறும் பரப்பு கூடுவதாலும், சின்னஞ்சிறு உயிர்களுக்கு இது தாங்க அரிய செலவாகிறது. எனவே இரை கிடைக்காத இரவிலோ பருவத்திலோ பல காட்டுயிர்கள் தம் சூட்டையே விட்டுக்கொடுத்து உயிரைக் காத்துக்கொள்கின்றன.

அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ரீங்காரச் சிட்டுகளின் இதயம், பறக்கையில் நிமிடத்துக்கு 1,000 முறைக்கு மேலும் துடிக்கக்கூடியது. பகலெல்லாம் பூந்தேன் குடித்தும் இரவுப் பட்டினியைத் தாங்க அது போதாமற்போவதால், அவற்றுள் பல இனங்கள் இருட்டியதும் ‘மந்த நிலை’ எனப்படும், உடலியக்கம் யாவும் ஒடுங்கிய நிலைக்குள் சென்றுவிடுகின்றன. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் மேற்கொள்ளப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், அத்தகைய சிட்டு ஒன்றின் உடல் வெப்பநிலை 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது பதிவாகியுள்ளது. விடியற்காலையில் இவை தசைகளை நடுங்கச் செய்து சூடேறிய பின்னரே பறக்கத் தொடங்குகின்றன.

ஓர் இரவோடு முடியும் இவ்வொடுக்கம் மாதக்கணக்கில் நீள்வதே குளிர்கால உறக்கம். அதன் எல்லையைத் தொட்டுக் காட்டுவது ஆர்க்டிக் தரை அணில். ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் உறைந்த மண்ணின் வளைக்குள் சுருண்டு கிடக்கும் இதன் வயிற்றுப் பகுதி, உறைநிலைக்கும் கீழே மைனஸ் 2.9 டிகிரி வரை குளிர்வதை அலாஸ்காவில் பிரையன் பார்ன்ஸ் கண்டறிந்து 1989-இல் வெளியிட்டார். பனிப்படிகம் உருவாகத் தொடங்குவதற்கான கரு கிடைக்காதபோது நீர்மம் உறைநிலையைக் கடந்தும் நீர்மமாகவே நீடிக்கும் ‘மீக்குளிர்வு’ என்னும் இயல்பால் அதன் குருதி உறைவதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கொழுப்பை எரித்து இயல்பான சூட்டுக்கு மீளும் அணில், ஒரு நாளுக்கும் குறைவான அந்த இடைவெளியின் பெரும்பகுதியை உண்மையான தூக்கத்தில் கழிக்கிறது என்பது வியப்பானது. மந்த நிலை தூக்கத்துக்கு ஈடாகாது என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கனம் குளிர்நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. மடகாஸ்கரின் கொழுத்த வால் குள்ள லெமூர், வாலில் சேமித்த கொழுப்பைக் கொண்டு வறண்ட பருவத்தின் ஏழு மாதங்களை மரப்பொந்தில் ஒடுங்கிக் கழிக்கையில், அதன் உடல் வெப்பநிலை பொந்தின் வெப்பத்தோடு ஏறி இறங்குகிறது. தண்ணீர் கிடைக்காத ஒட்டகமோ, விடியலில் 34 டிகிரியாக இருக்கும் தன் உடலைப் பிற்பகலில் 40 டிகிரிக்கு மேலும் சூடாக விட்டுவிடுவதை, 1950-களில் சகாராவில் ஆராய்ந்த குனுட் ஷ்மிட்-நீல்சன் விளக்கினார். பகலில் சேர்ந்த வெப்பம் இரவுக் குளிரில் தானே வெளியேறுவதால், வியர்வையாக இழக்க வேண்டிய லிட்டர் கணக்கான நீர் அதற்கு மிச்சமாகிறது.

இவ்வளவு நுட்பமான கணக்கு சிறு இடையூறிலும் தவறிவிடும். 2006-இல் நியூயார்க் மாநிலக் குகையொன்றில் முதலில் கண்டறியப்பட்ட வெண்மூக்கு நோய், உறங்கும் வௌவால்களின் தோலில் பூஞ்சையாகப் படர்ந்து அவற்றை அடிக்கடி விழிக்க வைப்பதால், குளிர்காலம் முழுமைக்குமான கொழுப்பு முன்னதாகவே தீர்ந்து, வட அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வௌவால்கள் மடிந்துள்ளன. நோய் பரவாதிருக்கவும், மனித நடமாட்டத்தால் அவை விழிக்காதிருக்கவும் அங்கே பல குகைகள் மூடப்பட்டுள்ளன. ஏனெனில் ஒருமுறை விழித்தெழச் செலவாகும் கொழுப்பு, பல வார மந்த நிலைக்குப் போதுமானது.