ஒரு கணினிக்குள் ஆயிரம் கணினிகள்

கலியாண வீட்டில் சமைக்கப் பத்துப் பேர் வந்தாலும், அடுப்பு ஒன்றென்றால் பலர் காத்துத்தான் நிற்க வேண்டும். பெரிய கணக்கொன்றை ஆயிரம் கணினிகளுக்குப் பங்கிடும்போதும் இதுவே நிகழ்கிறது. ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்கும். இணைப்புகளில் நெரிசல் உண்டாகும். எந்தப் பங்கீடு சிறந்தது எனச் சோதித்துப் பார்க்க ஆயிரம் கணினிகளுக்கு எங்கே போவது?

இதற்கு உதவுவதே 'சிம்கிரிட்' என்னும் இலவச மென்பொருள். 1999இல் அமெரிக்காவில், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி கசனோவா இதனைத் தொடங்கினார். பின்னர் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து வளர்த்தனர்.

ஒவ்வொரு கணினியின் வேகத்தையும், ஒவ்வோர் இணைப்பின் கொள்ளளவையும் தாமதத்தையும் நாம் எழுதிக் கொடுத்தால், பணி எவ்வளவு நேரத்தில் முடியும் என அது கணித்துச் சொல்லும். செக்கனுக்கு 100 மெகாபைட் கடத்தும் இணைப்பில் 1000 மெகாபைட் கோப்பொன்று சுமார் 10 செக்கனில் செல்லும். அத்தகைய இரண்டு ஒன்றாகப் புறப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதி வேகமே கிடைக்கும். ஏறத்தாழ 20 செக்கன் ஆகும்.

நாம் கொடுக்கும் அளவுகள் பிழையானால் விடையும் பிழையாகும். அளவுகள் சரியானால், வீட்டில் ஒரேயொரு கணினி உள்ள மாணவியும் ஆயிரம் கணினிகளை ஆராயலாம். தவறினால் செலவின்றி மீண்டும் முயலலாம்.