பிள்ளைகளின் பகலுறக்கம்

அயலாரின் பிள்ளைகளைத் தம் இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் தாய்மார்க்கு முதலில் எழும் கவலை படுக்கையைப் பற்றியதாகும். ஆளுக்கொரு மெத்தை வாங்குவதாயின் வருவாய் முழுவதும் அதற்கே செலவாகிவிடும். ஆனால், மெத்தை இன்றியமையாததன்று.

நம் முன்னோர் குழந்தைகளைக் கிடத்தியது தடுக்கு எனப்படும் சிறு பாயிலேயாம். யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பாயும், மட்டக்களப்புப் பன்பாயும் சிறு செலவிற் கிடைப்பவை. வெயிலில் உலர்த்தத் தக்கவை. ஓராண்டு கடந்த பிள்ளைகளுக்குப் பாயின்மேல் பழைய பருத்திச் சேலையை மடித்துத் தைத்து விரித்தாற் போதும். விரிப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இருத்தல் வேண்டும். இன்றேல் சிரங்கும் பேனும் ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவும். நிறநூலால் அடையாளமிட்டு, வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தல் நன்று.

ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கோ மென்மையே ஆபத்து. இலவம்பஞ்சுத் தலையணையில் முகம் புதைந்தால், அதனை விலக்கும் வலிமை அதற்கில்லை, மூச்சுத் தடைப்படும். ஆதலால் தலையணை, தளர்ந்த போர்வை ஆகியவற்றை நீக்கி, சமமான உறுதியான படுக்கையில், இறுகச் செருகிய மெல்லிய துணியின்மேல், மல்லாந்தே கிடத்துக. உறங்கும்போது அடிக்கடி சென்று பார்க்குக.

மெத்தை வாங்க இயலவில்லையே என வருந்தும் தாய்மார் இனி வருந்த வேண்டுவதில்லை.