இரை போடப் போறீங்களா, சார்?

'இறாலைப் போட்டு சுறாவைப் பிடி' என்று பழமொழி சொன்ன புண்ணியவான், நிச்சயமாகக் காசிமேட்டில் இறால் விலை கேட்டிருக்க மாட்டார்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. கால் கிலோ இறாலுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். "தொக்கா, வறுவலா?" என்றார் கடைக்கார அம்மா. "இரைக்கு" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "அந்தத் துட்டுக்கு மீனே வாங்கிக்கினு போயிடலாமே நைனா!"

நியாயமான பேச்சுதான். நான் பி.காம். இறால் நூறு, பெட்ரோல் எண்பது, டீ-பன் நாற்பது. வரவு, முக்கால் கிலோ மடவை. அதுவும் எல்லா வாரமும் இல்லை. எந்த ஆடிட்டரும் இதில் கையெழுத்துப் போட மாட்டார். ஆனாலும் ராயபுரத்திலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் போய் நின்றால்தான் எனக்கு ஞாயிறு விடியும்.

அங்கே எனக்கு ஒரு குரு உண்டு. எழுபது வயதுப் பெரியவர். அவருடைய பாடம் ஒரே வரி: "தண்ணில இன்னா கீதோ, அதத்தான் தம்பி மீன் துன்னும். அதப் போடு."

கொடுவாவுக்கு உயிர் இறால்தான் வேண்டும். செத்ததை அது அவ்வளவாக மதிக்காது. மடவைக்கு மைதா உருண்டை. கிழங்கானுக்குச் சேற்றில் தோண்டிய புழு. கெளுத்திக்குக் கோழிக்குடல்; நாற்றம் எவ்வளவோ, அவ்வளவு ராசி!

போன மாசம் வங்கியில் வேலை பார்க்கும் நண்பன் போன் பண்ணினான். மைத்துனரைப் பார்க்க இங்கிலாந்து போகிறானாம். அங்கே கெண்டை மீன் பிடிக்கிற திட்டமும் உண்டாம். "என்ன இரைடா எடுத்துட்டுப் போகட்டும்?" என்றான்.

நமக்குத் தெரியாது என்று சொல்ல மனசு வருமா? தேடிப் படித்தேன்.

அங்கே கெண்டைக்குப் போடும் இரைக்கு 'பாய்லி' என்று பேர். மாவு, மீன்தூள், பால் புரதம் எல்லாவற்றையும் முட்டை விட்டுப் பிசைந்து, சீடை மாதிரி உருட்டிக் கொதிநீரில் போட்டு எடுக்கிறார்கள். மேல்தோல் இறுகிவிடும், பொடி மீன்கள் கொத்திக் காலி பண்ண முடியாது. ஸ்ட்ராபெரி, அன்னாசி என்று வாசனை வேறு! கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான். இரையை உறிஞ்சி, ருசி பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பிவிடும். அதனால் இரையை முள்ளில் குத்தாமல், பக்கத்தில் மெல்லிய இழையில் தொங்க விடுகிறார்கள். இரையை உறிஞ்சினால் முள்ளும் கூடவே உள்ளே போகும்.

நண்பனிடம் சொன்னேன்: "இங்கேயிருந்து எதையும் கட்டிக்கொண்டு போகாதே. அங்கே ஸ்வீட் கார்ன் டப்பாவே போதும். லைசென்ஸ் எடுக்காமல் தூண்டிலைத் தொடாதே. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் போடவே கூடாது."

இதில் ஒரு வேடிக்கை. 1970-களின் கடைசியில் இங்கிலாந்துக்காரர்கள் மூன்று பேர், கெண்டைக்குப் பெரியப்பா முறையான மஹ்சீர் மீனைத் தேடி, கர்நாடகத்துக் காவிரிக்கு வந்தார்கள். அந்த ஆற்றில் பேர் வாங்கிய இரை எது தெரியுமா? கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டை! நம்ம வீட்டில் 'களியா?' என்று முகம் சுளிக்கிற அதே சமாச்சாரம். 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்திருக்கிறார்கள். அப்படிப் பெருத்த காவிரி மஹ்சீர் இனத்தை 2018-ல் 'அழிவின் விளிம்பில்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். சீடைக் கதையை ரசித்துக் கேட்டார். "புட்ச்ச மீன இன்னா பண்ணுவான்?"

"எடை போட்டு, போட்டோ எடுத்து, தண்ணியிலேயே விட்டுடுவாங்க."

"உட்டுர்றானா? அப்பால இன்னாத்துக்குப்பா அவ்ளோ செலவு பண்ணி இர?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய், இந்த முறை கழிமுகத்துக்குள்ளேயே. படகு, வலை எல்லாம் கறுப்பு. வாரக்கணக்கில் இங்கே தூண்டிலுக்கு வேலையில்லை. 'தண்ணில இன்னா கீதோ, அதத்தான் மீன் துன்னும்' என்ற பாடத்துக்கு இன்னொரு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. மீன் தின்றதை நாம் தின்கிறோம்.

அதற்கப்புறம் பல மாசம், மாட்டிய மடவையை முள் கழற்றி விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். வீட்டில் குழந்தை இருக்கிறது. இங்கிலாந்துக்காரன் ஆசையில் விடுகிறான். நான் பயத்தில் விட்டேன்.

பெரியவர் மட்டும் விட்டதில்லை. அன்றைக்கும் நான் திரும்பத் தண்ணீரில் விடப் போன ஒரு மடவையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"உனக்குச் சம்பளம் வருது தம்பி. எனக்கு இதான் வருது" என்றார்.

மிச்சமிருந்த இறாலை அவரிடமே கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை.