பரிசல் பயணத்துக்கு ஒரு மோனாகுலர்

மல்லசமுத்திரத்துல இருந்து சங்ககிரி, எடப்பாடி தாண்டினா பூலாம்பட்டி. கதவணையில தேங்கி நிக்கிற காவிரி, அக்கரை நெரிஞ்சிப்பேட்டை. லீவுல அந்தப் பக்கம் போறீங்கன்னா, பையில ஒரு மோனாகுலர் வச்சுக்கோங்க. பைனாகுலர்ல பாதி, அவ்வளவுதான். சட்டைப் பாக்கெட்லயே அடங்கிடும்.

மேல 8×25னு போட்டிருக்கும். 8 என்பது உருப்பெருக்கம்: 80 மீட்டர்ல இருக்கிற நீர்க்காகம் 10 மீட்டர்ல இருக்கிற மாதிரி தெரியும். 25 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டர்ல. 25ஐ 8ஆல வகுத்தா சுமார் 3. கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றையோட அகலம் அது. பகல்ல நம்ம கண்மணியும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால குறை தெரியாது. இருட்டினா கண்மணி விரியும். அப்போ படம் மங்கும்.

12×, 16×னு பெருசா பார்த்து ஏமாறாதீங்க. பறவையோட சேர்த்து கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருசாகும். சுத்துற பரிசல்ல 8×ஏ சவால்தான்! உட்கார்ந்து, முழங்கையை முட்டியில ஊனிப் பாருங்க. கயிறு கழுத்துல இருக்கட்டும், நழுவினா காவிரிக்குத்தான். நைட்ரஜன் நிரப்பின வகைன்னா உள்ளே பனி படியாது. சூரியனை மட்டும் இதுல பார்க்கவே கூடாது.

ஒண்ணு மட்டும் எந்த லென்ஸும் காட்டாது: மேட்டூர்ல திறந்துவிட்ட தண்ணி. ஆத்துக்குள்ள இருக்கிற மணல் திட்டுல கூடாரம் போடாதீங்க. கரை மேட்டுல போடுங்க, பரிசல்காரர்கிட்ட கேட்டுட்டு. லைஃப் ஜாக்கெட் முதல்ல, மோனாகுலர் அப்புறம்.