கத்தாத ஆட்டின் முகம்

“ஆடு கத்தவே இல்லீங்க. முந்தின நாள் வரைக்கும் தீனி எடுத்துச்சு. எப்படித் திடீர்னு படுத்துச்சு?” பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மீன்பாடு குறைந்த மாதங்களில் கையில் இருக்கும் இரண்டு ஆடுதான் அவசரச் செலவுக்கு. அதனால் இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் வரவில்லை.

திடீரென்று படுத்திருக்காது, சகோதரி. முகத்தில் முன்பே தெரிந்திருக்கும்.

முதலில் மனித முகத்தைப் பார்ப்போம். திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தியவரைக் கவனித்திருப்பீர்கள். புருவம் இறங்கும், கண் இடுங்கும், கன்னம் மேலேறும், மூக்கோரம் சுருங்கி மேலுதடு தூக்கும். ஊசி போட்ட பச்சைக் குழந்தைக்கும் ஏறக்குறைய இதே முகம்தான். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. வலைக்குப் போகிறவர் “ஒண்ணுமில்ல” என்று சிரிப்பார். வாய் சிரித்தாலும் புருவமும் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சிரிப்பை நம்பாமல், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். வலியில் இருப்பவருக்குச் சுடுவது தெரியாது. முள் உள்ளே ஒடிந்தாலோ, மார்பிலும் வயிற்றிலும் குத்தினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

மனிதன் வலியை முகத்தில் காட்டினால் பக்கத்தில் இருப்பவர் ஓடி வருவார். ஆட்டுக்கு அப்படியில்லை. மந்தையில் நொண்டுவதைத்தான் நாயும் நரியும் குறிவைக்கும். அதனால் அது சத்தம் போடாமல் தாங்கும். ஆனாலும் முகத்தை முழுக்க மறைக்க முடியாது. 2010-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் எலியின் முகத்தை வைத்தே வலியை மதிப்பிட ஒரு அளவுகோல் வகுத்தார்கள். 2016-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டா மெக்லெனன் குழுவினர், குளம்பழுகலும் மடிநோயும் கண்ட செம்மறிகளை வைத்து இன்னொன்று செய்தார்கள். கண் குறுகும், கன்னம் இறுகும், காது முன்பக்கம் மடியும், உதடு கீழும் பின்னுமாக இழுபடும், மூக்குத் துவாரம் அகன்ற வளைவு மாறிக் கூர்முனையாகும்.

இதைச் செம்மறியில் பார்த்து எழுதினார்கள். தொங்கு காது வெள்ளாட்டில் காதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணையும் கன்னத்தையும் பாருங்கள். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டு வெள்ளாடு ஒன்று இரண்டு நாள் கண்ணைப் பாதி மூடி நின்றது. வெயிலுக்கு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மடியைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. ஆடு பிழைக்கவில்லை.

உங்களைக் கண்டதும் ஆடு உஷாராகிவிடும். அதனால் தள்ளி நின்று, நிழலில் இருக்கும்போது பாருங்கள். தூசி, தூக்கம், வெயிலுக்கும் கண் இடுங்கும் என்பதால் சற்று நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் குளம்பிடுக்கு, மடி, வாய் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரை சேறாகக் கிடக்கும்போது குளம்பைத் தினமும் பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு ஆட்டையும் நன்றாக இருக்கும்போதே பக்கவாட்டில் முகம் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிடலாம், மருத்துவரிடமும் காட்டலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. அவர்கள் வருவதற்குள் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.